முதலில் எந்த வித்தை?

1976ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள். கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. ருமேனியாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்த இரண்டு கம்பிகளில் தன் பயிற்சியைச் செய்து முடித்துத் தரையில் இறங்கினாள். மதிப்பெண் பலகையில் 1.00 என்று தோன்றியது. கூட்டம் திகைத்தது. பத்துக்கு ஒன்றா? இல்லை, பத்துக்குப் பத்து! அப்படி ஒரு மதிப்பெண் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால், 10.00 என்று காட்டப் பலகையில் இடமே வைக்கப்படவில்லை.

அந்தச் சிறுமி நாடியா கொமனேச்சி. இந்தக் கதையை நீங்கள் முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று அதில் உண்டு. அன்று நாடியா செய்தது ‘கட்டாயப் பயிற்சி’. போட்டியிட வந்த எல்லாப் பெண்களும் அதே வித்தைகளை அதே வரிசையில் செய்தாக வேண்டும். அவருக்கே உரிய புதுமையான கரணம் எதுவும் அதில் இல்லை. எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். குறை சொல்ல இடமில்லாமல் செய்தார்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 10 வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்கிறாள். துடிப்பானவள், பயம் அறியாதவள். நாள்தோறும் சிறிது நேரம்தான் அவளால் கம்பியில் பழக முடியும். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டால் அதுவும் முடியாது. கற்கவேண்டிய வித்தைகளோ ஏராளம். எதை முதலில் கற்றுக்கொடுப்பீர்கள்? எதைத் தள்ளிவைப்பீர்கள்? எதைத் தொடாமலே விட்டுவிடுவீர்கள்?

விளையாட்டாசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குள் இயற்பியல் இருக்கிறது, உயிரியல் இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

இரண்டு கம்பிகள்

முதலில் கருவியைப் பார்ப்போம். உயர்கம்பி தரையிலிருந்து 250 செ.மீ. உயரத்திலும், தாழ்கம்பி 170 செ.மீ. உயரத்திலும் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள சாய்வுத் தூரத்தை 180 செ.மீ. வரை கூட்டிக்கொள்ளலாம். கம்பி என்று சொன்னாலும் அது இரும்பன்று. உள்ளே கண்ணாடி இழை. வெளியே மெல்லிய மரப்பட்டை. விட்டம் 4 செ.மீ. வியர்வையில் கை வழுக்காமல் இருக்க மக்னீசியம் கார்பனேட் பொடியைக் கைகளில் தடவிக்கொள்வார்கள்.

இந்தக் கருவி ஆண்கள் பயன்படுத்தும் இணைக்கம்பிகளிலிருந்து பிறந்தது. ஒரு கம்பியை உயர்த்தி, மற்றதைத் தாழ்த்தினார்கள், அவ்வளவுதான். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இதற்குத் தனிப் பதக்கம் வழங்கப்பட்டது. அந்தக் காலத்தில் கம்பிகள் மிக நெருக்கமாக இருந்தன. பின்னர் மெல்ல மெல்ல விலகின. இந்த விலகல் ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்களுக்குப் பெரிய பாடம் கற்பித்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு மடங்கு எடை

உயர்கம்பியில் செய்யப்படும் வித்தைகளில் மிக முக்கியமானது ‘ஜயன்ட்’ என்னும் பெருஞ்சுற்று. கம்பியின்மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கவேண்டும். அங்கிருந்து உடலை நீட்டியபடியே விழுந்து, அடியில் வீசி, மறுபுறம் ஏறி, மறுபடி தலைகீழ் நிலைக்கு வரவேண்டும். நீங்கள் பாடத்தில் படித்த ஊசல்தான் இது. ஆனால் இது முழு வட்டம் அடிக்கும் ஊசல்.

இந்தச் சுற்றின் அடிப்புள்ளியில் கைகள் எவ்வளவு விசையைத் தாங்குகின்றன? கணக்கிட்டுப் பார்ப்போம். சிறுமியின் உடலை ஒரு சீரான தடியாகக் கருதுவோம். அவள் நிறை m. கம்பியிலிருந்து அவளுடைய புவியீர்ப்பு மையம் இருக்கும் தூரம் r. உச்சியிலிருந்து அடிக்கு வரும்போது அந்த மையம் 2r உயரம் இறங்குகிறது. இழந்த நிலையாற்றல் 2mgr. அது முழுவதும் சுழற்சி இயக்க ஆற்றலாக மாறுகிறது. தடியின் ஒரு முனையைப் பற்றிச் சுற்றும்போது நிலைமத் திருப்புத்திறன் (4/3)mr². ஆகவே கோணத் திசைவேகத்தின் இருமடி 3g/r என்று வரும். இதிலிருந்து மையநோக்கு விசை 3mg. அதோடு அவளுடைய சொந்த எடை mg. மொத்தம் 4mg!

அதாவது 35 கிலோ எடையுள்ள சிறுமியின் கைகள் அந்த நொடியில் 140 கிலோ பாரத்தைத் தாங்குகின்றன. அவளுடைய பாதங்கள் மணிக்கு 35 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்கின்றன. உராய்வு இல்லை, உடல் வளையவில்லை என்று வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு இது. ஆனாலும் உண்மையின் அளவை இது காட்டிவிடுகிறது. பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தோளும் விரல்களும் தயாராகாத சிறுமியைப் பெருஞ்சுற்றுக்கு அனுப்பக் கூடாது என்பது இப்போது புரிகிறதல்லவா? அதனால்தான் பயிற்சிக் கூடங்களில் முதலில் கைகளைப் பட்டையால் கம்பியோடு பிணைத்துச் சுற்றப் பழக்குகிறார்கள்.

ஊஞ்சல் சொல்லும் ரகசியம்

காற்றும் உராய்வும் சிறிது ஆற்றலைத் தின்றுவிடும். ஆகவே உச்சியிலிருந்து விழுந்தவள் தானாக மறுபடி உச்சிக்குப் போக முடியாது. குறையும் ஆற்றலை அவளே சேர்க்கவேண்டும். எப்படி?

ஊஞ்சல் ஆடியிருப்பீர்கள். நின்றுகொண்டு ஆடும்போது, அடியில் வருகையில் உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவீர்கள் அல்லவா? புவியீர்ப்பு மையம் அச்சுக்கு அருகில் வருகிறது; ஊஞ்சல் உயரப் போகிறது. கம்பியில் சுற்றுபவளும் இதையேதான் செய்கிறாள். இறங்கும்போது உடலை முழுவதும் நீட்டுகிறாள். அடியைக் கடந்ததும் காலைச் சுண்டி வீசி, தோளிலும் இடுப்பிலும் சற்றே மடிந்து ஏறுகிறாள். இந்தக் கால்வீச்சுக்கு ‘டாப்’ என்று பெயர்.

செய்து பாருங்கள்: 1. ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டுங்கள். நூலை ஒரு பேனாக் குழாயினுள் விட்டுக் கல்லைச் சுழற்றுங்கள். சுழலும்போதே நூலின் மறுமுனையைக் கீழே இழுங்கள். கல்லின் வட்டம் சுருங்கச் சுருங்க அது விரைந்து சுழலும். 2. நுனியில் துளையுள்ள 30 செ.மீ. அளவுகோலை ஆணியில் மாட்டி ஆட்டுங்கள். 10 அலைவுகளுக்கு ஏறத்தாழ 9 விநாடி ஆகும். 15 செ.மீ. அளவுகோலுக்கு 6 விநாடிக்குச் சற்று மேல். நீளம் கூடினால் ஆட்டம் மந்தமாகும். இந்த இரண்டு உண்மைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கும் வித்தைகள்

இப்போது உங்கள் மாணவியிடம் வருவோம். எந்த வித்தையைப் பார்த்தாலும் முதலில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி: இதைக் கற்றால் வேறு எத்தனை வித்தைகளுக்குக் கதவு திறக்கும்?

இந்தக் கேள்விக்கு முதலிடம் பெறுவது ‘கிப்’. தாழ்கம்பியைப் பிடித்துக் கால்கள் தரையில் படாமல் முன்னோக்கிச் சறுக்கி ஆடவேண்டும். ஆட்டம் முன்புறம் முடியும் நொடியில் கால்விரல்களைக் கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். உடல் பின்னோக்கித் திரும்பும்போது, கால்சட்டையை மேலே இழுத்துப் போடுவதுபோலக் கம்பியைக் கால்களை ஒட்டியே இடுப்புவரை கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான், தொங்கிக்கொண்டிருந்தவள் கம்பியின்மேல் கையூன்றி நிற்பாள்! நூலை இழுத்தபோது கல் விரைந்ததே, அதே விதிதான். கால்கள் கம்பியை நெருங்குவதால் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது, சுழற்சி விரைகிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிப் வரப் பல மாதங்கள் ஆகும். அழுகையும் வரும். பலசாலியான சிறுமி ஒருத்தி முழங்கையை மடக்கி, கைபலத்தால் எம்பி ஏறிவிடுவாள். ‘வந்துவிட்டது’ என்று பெற்றோர் மகிழ்வார்கள். நீங்கள் மகிழலாமா? கூடாது. அவள் கற்றது வேறொரு வித்தை. அடுத்து வரும் ஒவ்வொரு வித்தையிலும் அந்த மடங்கிய முழங்கை தலைகாட்டும். படிந்துபோன பழக்கத்தை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

கிப்புக்கு அடுத்தது ‘காஸ்ட்’. கையூன்றிய நிலையிலிருந்து கால்களைப் பின்னால் வீசி, தலைகீழ் நிலைக்கு உயர்வது. மூன்றாவது, முன்பு பார்த்த பெருஞ்சுற்று. இந்த மூன்றும் கைவந்தால் கம்பியின் பாதி ராஜ்யம் கைவந்ததுபோலத்தான். கம்பியை விட்டுப் பறந்து மீண்டும் பிடிப்பது, கைமாற்றித் திரும்புவது, கரணமடித்து இறங்குவது ஆகிய எல்லாம் இவற்றிலிருந்தே கிளைக்கின்றன.

சில வித்தைகள் அப்படியல்ல. ஒரு காலைக் கம்பிக்கு முன்னும் மற்றொரு காலைப் பின்னும் வைத்து முன்னோக்கிச் சுற்றுவது ஒன்று உண்டு. தொடக்கநிலைச் சிறுமிகள் இதைக் கற்பதுண்டு. இதிலிருந்து மேலே செல்லும் பாதை மிகக் குறுகலானது. வீண் என்று தள்ளிவிடலாமா? அதுவும் சரியன்று. முன்பக்கமாக விழும் அச்சத்தை இது போக்கும். பிற்காலத்தில் முன்னோக்கிய பெருஞ்சுற்றுக்கு அந்தத் துணிவு வேண்டும். சில வாரங்கள் கொடுக்கலாம். ஓர் ஆண்டைக் கொடுத்துவிடக் கூடாது.

பாதை பிரியும் இடம்

தலைகீழ் நிலைக்கு எழும் சுற்றுகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. முதலாவது, இடுப்பு கம்பியைத் தொடாமலே சுற்றி எழுவது. இரண்டாவது, உள்ளங்கால்களைக் கம்பியில் ஊன்றி, உடலை மடித்துச் சுற்றுவது. மூன்றாவது, கால்களைக் கைகளுக்கு வெளியே அகல விரித்துச் சுற்றுவது. இந்த மூன்றாவது, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் உயர்கம்பியில் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஜோசப் ஸ்டால்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றையும் ஒரே நேரத்தில் கற்பிக்க நேரமில்லை. எதைத் தேர்வது? உங்களிடம் இரண்டு மாணவியர் இருப்பதாகக் கொள்வோம். முதலாமவளுக்குத் தோள்வலு அதிகம். கால் தசைநார்கள் இறுக்கம். இரண்டாமவள் நீண்ட கால்களுடையவள். குனிந்தால் நெற்றி முழங்காலில் படும். முதலாமவளுக்கு முதல் குடும்பம் பொருந்தும். அங்கே தோள்களைச் சரியான நொடியில் விரைந்து திறப்பதே முழு ரகசியம். இரண்டாமவளுக்கு உள்ளங்கால் ஊன்றும் குடும்பம். நன்றாக மடிய முடியாதவள் அதைச் செய்யப் போனால் பாதம் நழுவும்.

இரண்டு பாதைகளும் மேலே போகின்றன. முதல் குடும்பத்திலிருந்து தாழ்கம்பியை விட்டு உயர்கம்பிக்குப் பறக்கும் வித்தைக்கு ரஷ்ய வீராங்கனை நதாலியா ஷபோஷ்னிகோவாவின் பெயர். இரண்டாம் குடும்பத்திலிருந்து அதேபோல் பறப்பதற்கு அமெரிக்காவின் கிறிஸ்டன் மலோனியின் பெயர். ஆக, ஒருத்திக்குச் சரியான தேர்வு மற்றவளுக்குத் தவறாகலாம். பக்கத்துக் கூடத்தில் எல்லாரும் கற்கிறார்கள் என்பது ஒரு காரணமே ஆகாது.

மறைந்துபோன வித்தை

கம்பிகள் விலகிய கதையைச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? 1960களிலும் 1970களிலும் புகழ்பெற்ற வித்தை ஒன்று இருந்தது. உயர்கம்பியில் தொங்கி வீசி ஆடுவார்கள். இடுப்பு தாழ்கம்பியில் மோதும். மோதிய வேகத்தில் உடல் அந்தக் கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். பார்க்க அழகாக இருக்கும், இடுப்பில் கன்றிப்போகும். பல சிறுமியர் இதைப் பழக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

பிறகு, பெருஞ்சுற்றுக்கு இடம் தேடிக் கம்பிகளை விலக்கினார்கள். இடுப்பு தாழ்கம்பியை எட்டவில்லை. ஒரு குடும்பத்து வித்தைகள் முழுவதும் மறைந்துவிட்டன. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஓல்கா கோர்புட் உயர்கம்பியின்மேல் நின்று, பின்னோக்கிக் கரணமடித்து அதே கம்பியைப் பிடித்தபோது உலகமே வியந்தது. கம்பியின்மேல் நின்று தொடங்கும் அத்தகைய கரணத்தைப் பிற்கால விதிகள் ஏற்கவில்லை. அதுவும் போயிற்று.

எது எஞ்சியது? காஸ்ட், கிப், வீச்சு, தலைகீழ் நிலை. விதிநூலை ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் திருத்துகிறார்கள். புவியீர்ப்பை யாரும் திருத்துவதில்லை. 10 வயதில் தொடங்கும் உங்கள் மாணவி 16 வயதை எட்டும் ஆண்டில்தான் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவாள். அதற்குள் விதிநூல் மாறியிருக்கும்.

வளரும் உடல்

மாறுவது விதிநூல் மட்டுமா? அவளும் மாறுவாள். 140 செ.மீ. உயரமுள்ளவள் 154 செ.மீ. ஆகிறாள் என்று வையுங்கள். உயரம் 10 விழுக்காடு கூடியிருக்கிறது. அதே உடல்வாகோடு வளர்ந்திருந்தால், தசையின் வலிமை குறுக்குப் பரப்பைப் பொறுத்து 1.1 × 1.1 = 1.21 மடங்காகும். எடையோ கன அளவைப் பொறுத்து 1.33 மடங்காகும். நிலைமத் திருப்புத்திறன், எடையையும் நீளத்தின் இருமடியையும் பொறுத்தது, ஆகவே 1.61 மடங்கு! வலிமை ஐந்தில் ஒரு பங்கு கூடுகையில், சுழற்றவேண்டிய சுமை ஐந்தில் மூன்று பங்கு கூடிவிடுகிறது.

அளவுகோல் சோதனையை நினைத்துப் பாருங்கள். அவளுடைய ஆட்டமும் மந்தமாகும்; பழகிய நொடிக் கணக்கு பிசகும். கையை நீட்டித் தொங்கும் நீளம் 180 செ.மீ.யைத் தாண்டும்போது, முன்பு இடிக்காத தாழ்கம்பி இப்போது காலில் இடிக்கும். கால்களை விரித்தோ மடித்தோதான் கடக்க முடியும். உடல் சிறிதாக இருந்த காரணத்தாலேயே கைவந்த வித்தைகள் இந்த வயதில் கைவிட்டுப் போகும். சரியான வீச்சால் கற்றவை சிலகாலம் தடுமாறித் திரும்பி வரும்.

எலும்பையும் மறக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி உண்டு. மணிக்கட்டை ஒட்டி, முன்கையின் ஆர எலும்பில் உள்ள தட்டு, கையூன்றிச் செய்யும் பயிற்சிகளின் ஓயாத சுமையால் நொந்துபோவது ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் நன்கு அறியப்பட்ட கோளாறு. ‘மணிக்கட்டு வலிக்கிறது’ என்று அவள் சொன்னால் அது சாக்குப்போக்கு அன்று. அந்த வாரத்தின் பாடத்தை நீங்கள் மாற்றவேண்டும்.

மதிப்பெண் கணக்கு

‘கடினமான வித்தைக்குத்தானே அதிக மதிப்பெண்?’ என்று கேட்பீர்கள். உண்மைதான். பெரிய போட்டிகளில் மிக எளிய ‘ஏ’ வகைக்கு 0.1, ‘பி’ வகைக்கு 0.2, ‘சி’க்கு 0.3, ‘டி’க்கு 0.4 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் மறுபக்கம் பாருங்கள். முழங்கால் மடங்கினால் குறைப்பு; தலைகீழ் நிலை செங்குத்திலிருந்து 10 பாகைக்கு மேல் சாய்ந்தால் 0.1 தொடங்கிக் குறைப்பு, விழுந்தால் 1.0 போயிற்று.

உங்கள் மாணவி ‘டி’ வித்தை ஒன்றைச் செய்கிறாள். முழங்கால் மடங்கி 0.3, சாய்வுக்கு 0.3 இழக்கிறாள். பெற்றது 0.4, இழந்தது 0.6. அதே இடத்தில் ‘பி’ வித்தையைச் சுத்தமாகச் செய்திருந்தால் 0.2 லாபம். இன்னொன்று: அரைகுறையான காஸ்ட் ஒரு பயிற்சியில் ஐந்து முறை வந்தால், ஐந்து முறையும் குறைப்பார்கள். அடிப்படையில் உள்ள ஒரு குறை வட்டியோடு பெருகும்.

ஒரு துயரக் கதை

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு சொல்லவேண்டியதில்லை. சோவியத் வீராங்கனை யெலேனா முகினா 1978இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உலகச் சாம்பியன் ஆனவர். கோர்புட்டின் கரணத்தோடு ஒரு முழுத் திருகலையும் சேர்த்துக் கம்பியில் செய்து காட்டியவர் அவர்தான். 1979இல் அவருடைய கால் முறிந்தது. அது முழுமையாகத் தேறுமுன்பே, தரைப் பயிற்சியில் ‘தாமஸ் கரணம்’ என்னும் ஆபத்தான வித்தைக்கு அவரைத் தயார் செய்தார்கள். திருகிச் சுழன்று, கழுத்துக்கு மிக அருகில் உருண்டு இறங்கும் கரணம் அது. உயரம் எழக் காலில் முழு வலு வேண்டும். அந்த வலு அப்போது அவரிடம் இல்லை. தன் கழுத்து முறியக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். கேட்பார் இல்லை.

1980ஆம் ஆண்டு ஜூலை மாதம், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது அவர் விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 20. 2006இல் மறையும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அந்த வகைக் கரணங்கள் பின்னர்த் தடைசெய்யப்பட்டன.

வித்தையைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட உரத்த பதில் வேண்டாம்.

உங்கள் பதில் என்ன?

ஆக, ஒவ்வொரு வித்தைக்கும் நான்கு கேள்விகள். இது எத்தனை கதவுகளைத் திறக்கும்? பின்னால் அழிக்கவேண்டிய பழக்கம் எதையாவது இது விட்டுச்செல்லுமா? அவள் வளர்ந்த பிறகும் இது அவளோடு இருக்குமா? இன்று இதில் தவறினால் காயமின்றி விழ அவளால் முடியுமா? நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், முதல் மூன்றுக்கும் என்ன பதில் வந்தாலும் அந்த வித்தை காத்திருக்கத்தான் வேண்டும்.

பயம் அறியாத உங்கள் 10 வயது மாணவி, ‘நான் எப்போது பறப்பேன்?’ என்று தினமும் கேட்பாள். நீங்கள் கிப்பையும் காஸ்டையும் மறுபடி மறுபடி செய்யச் சொல்வீர்கள். அவளுக்குக் கோபம் வரும். அவளிடம் மான்ட்ரியால் கதையைச் சொல்லுங்கள். எல்லாரும் செய்த அதே பயிற்சிக்குத்தான் அந்தப் பத்து கிடைத்தது என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்தப் போட்டியைப் பார்க்கும்போது, வீராங்கனை கம்பியை விட்டுப் பறக்கும் நொடியில் எல்லாரும் கைதட்டுவார்கள். நீங்கள் அதற்கு முந்திய சுற்றைக் கவனியுங்கள். அடியைக் கடக்கையில் கால் எங்கே வீசுகிறது, தோள் எப்போது திறக்கிறது என்று பாருங்கள். அவள் கம்பியை மீண்டும் பிடிப்பாளா, மாட்டாளா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.